மருந்தும் கல்வியும்: குழந்தைகளின் சிறுநீரகம் காத்த பெருமக்கள்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் இல்லறத்தார்க்கு விதித்த கடமைகளுள் தலையாயது நால்வகைத் தானம். ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம் என அவற்றை நாம் சிறுவயது முதலே மனப்பாடமாகச் சொல்லி வருகிறோம். பசித்தவர்க்கு உணவும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும், நோயுற்றவர்க்கு மருந்தும், அறியாதவர்க்குக் கல்வியும் தருவது என்பது அதன் பொருள். இந்நான்கையும் ஒரே வாழ்க்கையில், ஒரே தொழிலில் செய்ய இயலுமா? இயலும் என்பதற்குச் சான்றாகக் குழந்தைகளின் சிறுநீரக நோய் மருத்துவத்தை எடுத்துக்கொண்டு இன்று பேச விழைகிறேன்.

தமிழாசிரியர்க்கு மருத்துவப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் சமயத்தில் இரண்டும் பிரிந்து நின்றதில்லை. கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயர் வைத்தார். ஏலம், இலவங்கப்பட்டை, நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த மருந்தின் பெயர் அது. காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகியவற்றின் வேர்கள் அவை. இருவரும் சமணர். உயிர்க்கு அறம் செய்வதை உடலுக்கு மருந்து செய்வதோடு ஒப்பிட்டே அவர்கள் சிந்தித்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த உக்ராதித்த ஆசாரியர், புலாலும் கள்ளும் கலவாத மருத்துவ நூலாகக் கல்யாணகாரகத்தை வடமொழியில் இயற்றினார்.

நாம் கூடியிருக்கும் இக்கடலூர் மாவட்டமும் கல்விக்குப் பெயர் பெற்ற மண். திருப்பாதிரிப்புலியூரில் இருந்த நம் பள்ளியில் சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலை எழுதி முடித்தது சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வட்டாரத்தில் சாஸ்திர தானம் நடைபெற்றது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன்.

சிறுநீரகத்தின் பணியைப் பாடநூல் வழியாகச் சொல்வதைவிட நெய்வேலியைக் காட்டிச் சொல்வது எளிது. இங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு ஆர்ட்டீசியன் நீர் நிற்கிறது. 1956-இல் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து பொறியாளர்களை அச்சுறுத்திய நீர் அது. இரவு பகல் ஓயாமல் இறைவைப் பொறிகள் அந்நீரை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கிறது. பொறி நின்றால் நீர் மேலெழுந்து அனைத்தையும் மூழ்கடித்துவிடும். நம் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இருமருங்கிலும் இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் அத்தகைய காவலைத்தான் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடலில் அவை நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடித்து, வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் கழிவாக வெளியேற்றுகின்றன. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்வதும், எலும்புக்கு வலுவூட்டும் வைட்டமின் டி சத்தைச் செயலுறச் செய்வதும், இரத்த அணுக்கள் உண்டாகத் தூண்டுவதும் அவற்றின் பணியே.

இந்த நுண்வடிகட்டிகள் தாயின் வயிற்றிலேயே உருவாகி, ஏறத்தாழ 36-ஆம் வாரத்தோடு முடிந்துவிடுகின்றன. பிறந்தபின் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. ஆகவே கருவுற்ற தாயின் உணவும் ஓய்வும் பிறக்கப்போகும் குழந்தையின் சிறுநீரகத்துக்கு இடும் முதலீடு. ஆகார தானம் வீட்டுக்குள்ளேயே, மருமகளின் தட்டிலேயே தொடங்குகிறது என்பதை மாமியார்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

குழந்தை என்பது சிறிய அளவில் அமைந்த பெரியவர் அன்று. அதன் இரத்த அழுத்தத்துக்கு வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற தனி அளவுகோல் உண்டு. கையில் சுற்றும் பட்டையும் சிறிதாக இருத்தல் வேண்டும். மருந்தை எடைக்கு எடை கணக்கிட வேண்டும். சிறுநீரகம் பழுதானால் குழந்தையின் வளர்ச்சியே நின்றுபோகிறது. கால் எலும்பு வளைகிறது. பள்ளிப் படிப்பும் கெடுகிறது. இவையனைத்துக்கும் மேலாக, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளி அது. இக்காரணங்களால்தான் குழந்தைகள் சிறுநீரக மருத்துவம் தனித் துறையாக மலர்ந்தது.

அத்துறையின் வயது அதிகமில்லை. நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்று மருத்துவர் கூறும் நோயைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுநீரில் புரதம் பெருமளவில் வெளியேறி, காலையில் கண்ணிமையும் முகமும் வீங்கி, பின் வயிறும் காலும் வீங்கும். பென்சிலினும் ஸ்டீராய்டும் வருவதற்கு முன் இக்குழந்தைகளில் மிகப் பலர் நோய்த்தொற்றினால் மாண்டனர். 1956-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குழந்தை மருத்துவர் கேவின் ஆர்னீல், பிரெட்னிசோலோன் மாத்திரையால் இந்நோயைக் கட்டுப்படுத்திய அனுபவத்தை லான்செட் இதழில் வெளியிட்டார். ஐரோப்பியக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவச் சங்கம் 1967-இல் தோன்றுவதற்கு முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். 1971-இல் பன்னாட்டுச் சங்கம் உருவாயிற்று. அதே 1971-இல்தான் நம் தமிழ்நாட்டின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது.

அக்காலத்தில் நம் நாட்டில் இத்துறைக்கெனப் பட்டப்படிப்பு இல்லை. பொதுவான குழந்தை மருத்துவம் பயின்றவர்கள், தாமே முயன்று கற்று, தாமே துறையை நிறுவி, தாமே மாணவர்களை உருவாக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு முன்னின்றவர் பேராசிரியர் டாக்டர் பி.ஆர்.நம்மாழ்வார். சென்னை எழும்பூரில் உள்ள குழந்தைகள் நல நிலையத்தில் அவர் குழந்தைகளின் சிறுநீரகப் பிரிவை வளர்த்தெடுத்தார். எழும்பூர் மருத்துவமனை என்றாலே தமிழகத்தின் எல்லா மாவட்டத்து ஏழைத் தாய்மாரும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேரும் இடம். டாக்டர் எஸ்.டி.ஆச்சார் போன்ற பேராசிரியர்கள் குழந்தை மருத்துவக் கல்விக்கு அடித்தளமிட்ட இடமும் அதுவே. பின்னர்க் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையிலும் நம்மாழ்வார் தம் பணியைத் தொடர்ந்தார். நெஃப்ராடிக் சிண்ட்ரோம் கண்ட குழந்தைகளின் சிறுநீரகத் திசு ஆய்வு பற்றித் தம் குழுவினரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, 2006-இல் பன்னாட்டு இதழில் வெளிவந்தது. டாக்டர் எம்.விஜயகுமாரோடு இணைந்து அவர் உருவாக்கிய குழந்தைகள் சிறுநீரக மருத்துவப் பாடநூல் மாணவர் கைகளில் தவழ்கிறது.

தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் டாக்டர் ஆர்.என்.ஸ்ரீவஸ்தவா இத்தகைய பணியைச் செய்தார். அவரும் டாக்டர் அர்விந்த் பக்காவும் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. நாடெங்கும் உள்ள இத்துறை மருத்துவர்கள் கூடிப் பேசி, நெஃப்ராடிக் சிண்ட்ரோம் சிகிச்சைக்கு ஒரே நெறிமுறையை 2001-இல் வகுத்தார்கள். 2008-இலும் 2021-இலும் அதைத் திருத்தி அமைத்தார்கள். இதன் பயன் என்ன என்று கேட்பீர்கள். முதன்முறை நோய் கண்ட குழந்தைக்கு ஆறு வாரம் நாள்தோறும், அடுத்த ஆறு வாரம் ஒன்றுவிட்ட ஒரு நாள் என மாத்திரை தர வேண்டும் என்பது, தில்லியில் இருக்கும் பேராசிரியர்க்கும் விருத்தாசலத்தில் இருக்கும் குழந்தை மருத்துவர்க்கும் ஒன்றாயிற்று. ஒரு மருத்துவர் தம் ஆயுளில் தம் கையால் தொட்டுக் காக்கும் குழந்தைகளுக்கு ஓர் எல்லை உண்டு. கற்பித்த மருத்துவரின் கை, அவர் காணாத ஊரில், அவர் மாணவரின் மாணவர் வழியாக வேலை செய்கிறது. ஔஷத தானத்தின் பின்னே சாஸ்திர தானம் நிற்பது இவ்வாறுதான்.

அவர்கள் மாணவர்க்கு மட்டும் கற்பிக்கவில்லை. தாய்க்கும் கற்பித்தார்கள். இத்துறையின் பெருமையாக நான் கருதுவது அதையே. நெஃப்ராடிக் சிண்ட்ரோம் திரும்பத் திரும்ப வரும் நோய். ஆகவே, காலையில் முதலில் கழியும் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்துக் காய்ச்சியோ, மருந்துத் துளி இட்டோ, நிறம் மாறும் பட்டையை நனைத்தோ புரதம் இருக்கிறதா என்று பார்க்கத் தாய்க்குப் பயிற்சி தருகிறார்கள். பார்த்ததை ஒரு குறிப்பேட்டில் நாள்வாரியாக எழுதச் சொல்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் மிகுதியாகப் புரதம் தென்பட்டால் நோய் திரும்பியது என்று பொருள். வீக்கம் தோன்றும் முன்பே தாய் மருத்துவமனைக்கு வந்துவிடலாம். ஏட்டுக் கல்வி குறைந்த தாயும் இதனைச் செம்மையாகச் செய்ய முடிகிறது. இந்நோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படுகின்றனர்; வளர வளரப் பெரும்பாலோர்க்கு நோய் விலகியும் போகிறது. இடையில் முகம் உப்பியது கண்டு அஞ்சி, யாரோ சொன்னார் என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் பேராபத்து.

இனி அபய தானத்துக்கு வருகிறேன். நம் பள்ளிகள் அக்காலத்தில் அஞ்சினான் புகலிடமாக விளங்கின என்பதை மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார். சிறுநீரகம் முற்றும் செயலிழந்த குழந்தையும் அதன் பெற்றோரும் புகலிடம் தேடி நிற்பவர்கள். அவர்கள் முன் இரு வழிகள் உள்ளன: டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம்.

டயாலிசிஸ் குறித்து நம் குடும்பங்களில் எழும் ஒரு வினாவை மறைக்காமல் பேச வேண்டும். இரத்த டயாலிசிஸ் செய்கையில் இரத்தம் உறையாதிருக்கத் தரும் ஹெப்பாரின் என்னும் மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. கொல்லாமையை உயிராகக் கொண்ட நாம் என்ன செய்வது? வயிற்றுறை வழியே செய்யும் டயாலிசிஸ் முறையில் அம்மருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சிறு குழந்தைகளுக்குப் பல இடங்களில் அம்முறையே ஏற்றதாகவும் இருக்கிறது. நம் கொள்கையை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொன்னால் அவர் மாற்று வழியை ஆராய்வார். மாற்று வழி இல்லாதபோது? வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையையும், வாழ்வின் இன்றியமையாமையால் நேரும் ஹிம்சையையும் நம் ஆசாரியர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கண்முன் துடிக்கும் ஐந்தறிவு உயிருக்கே அடைக்கலம் தரும் நாம், பெற்ற பிள்ளையைக் கைவிடலாகாது என்பது என் துணிபு. முனிவர்களிடமும் பண்டிதர்களிடமும் கேட்டுத் தெளியுங்கள். ஆனால், கேட்டுத் தெளிவதற்குள் காலம் கடந்துவிட இடங்கொடாதீர்கள்.

மாற்றுச் சிறுநீரகம் வாழ்பவரிடமிருந்தும் வரலாம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தும் வரலாம். நம் நாட்டில் வாழும்போதே சிறுநீரகம் தருபவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தாய் தருகிறாள், பாட்டி தருகிறாள். வாழ்த்த வேண்டிய ஈகை அது. ஆண்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்பதையும், மகனுக்கு ஓடும் கால் மகளுக்கும் அவ்வாறே ஓடுகிறதா என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே வினவிக்கொள்ள வேண்டும். பெண் குழந்தைக்குச் சிறுநீரக நோய் என்று தெரிந்தால் நாளைய திருமணம் கெடுமே என்று மறைத்து வைப்பது, நோயைவிடக் கொடியது.

மறைந்த பின் உறுப்பு ஈவது பற்றியும் ஒரு சொல். 2008-இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்தனர். தமிழகமே அன்று கண்ணீர் விட்டது. அதன்பின் உறுப்புக் கொடை இம்மாநிலத்தில் ஓர் இயக்கமாயிற்று. 2023 முதல் அவ்வாறு கொடையளித்தோர்க்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடைபெறுகிறது. உயிர் வேறு, உடல் என்னும் புத்கலம் வேறு என்று நாள்தோறும் ஓதும் நமக்கு, உயிர் நீங்கிய உடலின் ஒரு பகுதி இன்னொரு குழந்தைக்கு வாழ்வாவதில் தயக்கம் எதற்கு?

குழந்தை நோயுற்றிருக்கையில் நோன்பு குறித்தும் சொல்லியாக வேண்டும். தசலக்ஷண நாள்களில் வீடு முழுதும் நோன்பிருக்கும்போது, தானும் இருப்பேன் என்று பிள்ளை பிடிவாதம் பிடிப்பதுண்டு. நமக்கும் அதில் ஒரு பெருமிதம் உண்டு. சிறுநீரக நோயுள்ள குழந்தை நீரையோ மருந்தையோ வேளை தவறவிட்டால் நிலைமை விபரீதமாகலாம். சோடச பாவனைகளுள் தவத்தைக் கூறும்போதே, ஆற்றலுக்கேற்ற தவம் என்றுதான் நம் ஆகமம் வரையறை செய்கிறது. அதே பதினாறில், பிணியுற்றோர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியமும் இடம்பெறுகிறது. நோயுற்ற பிள்ளைக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கும் தாய் அன்றைய நோன்பை நோற்றவளே.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு நன்கு தெரிந்த செய்தி ஒன்று உண்டு. மாணவியர் பலர் காலை முதல் மாலை வரை ஒரு வாய் நீரும் பருகுவதில்லை. பள்ளிக் கழிப்பறை தூய்மையாக இராது என்ற அச்சமே காரணம். நீர் அருந்தாமல், சிறுநீரை அடக்கி வைத்திருப்பதால் தொற்று ஏற்படுகிறது. தொற்று அடிக்கடி வந்தால் சிறுநீரகம் வடுப்படுகிறது. கேரளத்தில் 2019-இல் மாணவர்கள் நீர் அருந்துவதற்கென்றே பள்ளிகளில் தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். பின்னர் நம் மாநிலமும் அதைப் பின்பற்றியது. மணி அடித்தால் மட்டும் போதாது. பூட்டாத, நீர் வரும் கழிப்பறையும் வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும் நாம் இதைப் பற்றியும் கேட்போமாக.

இவற்றையும் நினைவில் வையுங்கள். காலையில் குழந்தையின் முகம் வீங்கியிருந்தால் தூக்க மிகுதி என்று விடாமல் சிறுநீரைச் சோதியுங்கள். தோலில் சிரங்கு வந்து சில வாரங்களில் சிறுநீர் தேயிலை வடிநீர்போல் நிறம் மாறினால் உடனே மருத்துவரைக் காணுங்கள். ஆண் குழந்தைக்குச் சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வந்தால், பிறவி அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கின்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். 1971-இல் வங்க அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் பெருங்கூட்டத்தைக் காத்த அம்மருந்தே இன்றும் சிறுநீரகத்துக்கு மிக மலிவான காவல். காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்துக் கடையில் தாமே வாங்கும் மாத்திரையையும், என்ன கலந்தது என்று தெரியாத பொடியையும் பிள்ளைக்குக் கொடாதீர்கள். சிறுபஞ்சமூலத்தில் நெருஞ்சி இருக்கிறதே என்று தமிழாசிரியர் சொன்னதைக் கேட்டு, நாமே வேர் காய்ச்சிக் குழந்தைக்குப் புகட்டவும் வேண்டா!

புதுச்சேரி ஜிப்மரும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைக்கும் உதவுகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுறை டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. வழி தெரியாமல் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு இவற்றை எடுத்துச் சொல்வதும் சாஸ்திர தானமே.

நிறைவாக, அறக்கட்டளையிடம் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். ஆண்டுதோறும் இவ்விழா நாளில், சமயம் பாராது இவ்வூர்க் குழந்தைகள் அனைவர்க்கும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதிக்கும் முகாம் ஒன்றை நடத்துங்கள். செலவு மிகக் குறைவு. ஒரு பிள்ளைக்கு முன்கூட்டியே நோய் தெரிந்தாலும் அதன் பயனை அளவிட முடியாது. இரண்டாவது, மருத்துவம் பயிலும் நம் மாணவருள் ஒருவர் இத்துறைக்குச் செல்ல விரும்பினால் அவருக்குத் துணைநில்லுங்கள். இளநிலை ஐந்தரை ஆண்டு, முதுநிலை மூன்று, உயர் சிறப்புப் படிப்பு மூன்று எனப் பதினொன்றரை ஆண்டு உழைப்பு அது. வருவாய் மிக்க துறைகள் வேறு பல உள்ளன. இதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைப் பார்த்து, ஏன் இதைப் படிக்கிறாய் என்று நாமே ஊக்கத்தைக் குலைக்காதிருந்தால் அதுவே பெரிய உதவி.

இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! நால்வகைத் தானத்தையும் ஒருங்கே செய்ய ஒரு தொழில் இருக்கிறது என்பதை இன்று கேட்டீர்கள். உங்களுள் ஒருவரேனும் அதை மேற்கொள்வீராயின், பகவான் மகாவீரர் பிறந்த நாளை நாம் கொண்டாடியதற்கு அதனினும் சிறந்த பயன் வேறில்லை.

அறம் வளர்க! உயிர்கள் அனைத்தும் நலம் பெறுக! ஜெய ஜினேந்திரா!